பெங்களூருக்கு வந்த பிறகு ஒரு பூக்கூட வரைய வரவில்லை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு வயது 43. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பாவிடம் கற்றுக்கொண்டு, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சிவப்பு மை தீட்டி, தறிக்கான அட்டையில் துளை அடிப்பவரிடம் கொடுத்து, அது தறியில் ஏறும்வரை கூடவே இருந்து பழகியவள். கணவருக்கு மாற்றல் வந்ததால் இரண்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறோம். வந்த நாள் முதல் எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை.

பன்னிரண்டாவது மாடியில் வீடு. கீழே இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் வாகனங்கள்தான். ஊரில் பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்டியிருக்கும் தெருவைக் கடந்து தறிக்காரர் வீட்டுக்குப் போய்வருவதற்குள் ஒரு கரையாவது மனத்தில் விழுந்துவிடும். இப்போது எல்லாமே கணினியில் நடக்கிறது. ஒரு மயிலை வரைந்தால் மற்ற மயில்களை அதுவே நிரப்பிவிடுகிறது. கைக்கு வேலையே இல்லை. முதலாளியோ எங்கிருந்தோ எடுத்த படத்தை அலைபேசியில் அனுப்பி, "இதே மாதிரி வேண்டும், ஆனால் இது மாதிரி தெரியக் கூடாது" என்கிறார். நானும் மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு என்று பழையவற்றையே இடம் மாற்றி வைத்துக் கொடுக்கிறேன். மாதம் தவறாமல் வேலை வருகிறது, அதில் குறையில்லை. நெய்து இறக்கிய சேலையின் படத்தையும் அனுப்புவார்கள்; நான் அதைத் திறப்பதில்லை, பணம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

"வீட்டை விட்டு இறங்காமல் சம்பாதிக்கிறாய், வேறென்ன வேண்டும்" என்கிறார் கணவர். அவருக்காகத்தான் நான் ஊரை விட்டேன் என்பதை ஒரு நாளும் நினைப்பதில்லை. ஊரில் தறிக்காரர் ஒருவர், வட்டமாக வரைந்தது தறியில் முட்டையாக வருகிறது, இந்த இடத்தில் சரிகை கட்டுப்படாமல் தொங்குகிறது என்று எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தத் தொல்லை இல்லாததுதான் இங்கே கிடைத்த ஒரே நிம்மதி. ஆனாலும் கணினி முன் உட்கார்ந்தால் மனம் மரத்துப்போகிறது. அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இருந்திருந்தால் இந்த வேலையைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ. கணினிதான் என் கையைக் கெடுத்துவிட்டது. மறுபடியும் கிராஃப் தாளுக்கே போய்விடட்டுமா? ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

மாடி வீடு, கணினி, முதலாளி, கணவர் என்று எல்லார் மீதும் உங்கள் கடிதத்தில் வழக்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. வேலைக்கும் பணத்துக்கும் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் என் கண் நின்றது: உங்கள் டிசைனில் நெய்த சேலையின் படம் வந்தால் அதைத் திறப்பதில்லை என்கிறீர்கள். தறியில் ஏறும்வரை கூடவே இருந்து பழகியவள் என்று முதல் பத்தியில் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

ஒன்றும் தோன்றுவதில்லை என்கிறீர்கள். மாதம் தவறாமல் வேலை வருகிறது என்றும் சொல்கிறீர்கள். பட்டும் சரிகையும் விற்கிற விலைக்கு, ஓடாத டிசைனை வாங்கித் தறியில் ஏற்றிக்கொண்டிருக்கும் முதலாளி யாரும் இருக்க முடியாது. ஆகவே உங்களிடமிருந்து ஏதோ வந்துகொண்டுதான் இருக்கிறது. அது புதியதா, பழையதையே திருப்பிப் போட்டதா என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. நீங்கள்தான் அதைப் பார்க்கவே இல்லையே.

ஏன் பார்க்கவில்லை? மோசமாக இருந்துவிடுமோ என்ற பயம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நன்றாக இருந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. பிடிக்காத ஊரில், பிடிக்காத கருவியில், மனம் ஒன்றாமல் போட்ட டிசைன் அழகாக அமைந்துவிட்டால், நீங்கள் தொடுத்திருக்கும் வழக்குகள் அத்தனையும் தள்ளுபடியாகிவிடும். அதோடு, அப்பா சொல்லிக்கொடுத்த தாளும் மையும் இல்லாமலேயே இந்தத் தொழில் நடக்கும் என்றும் ஆகிவிடும். அவர் மறைந்த ஓராண்டில் ஊரை விட்டு வந்திருக்கிறீர்கள். துக்கம் ஆறுவதற்குள் அவர் வாழ்ந்த தெருவையும் அவர் கையில் கொடுத்த முறையையும் சேர்த்தே இழந்த நீங்கள், இங்கே எதுவும் நன்றாக வராமல் இருப்பதையே அவருக்குச் செய்யும் மரியாதையாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

அப்பாவின் அட்டைகளும் ஓர் இயந்திரத்துக்காக அடிக்கப்பட்டவைதாம். அட்டைத் துளைகளின்படி தறியில் டிசைனை எழுப்பும் ஜக்கார்ட், 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் உருவான கருவி. அது வருமுன் காஞ்சிபுரத்தில் டிசைனை நூல்களில் கட்டிவைக்கும் 'அடை' முறையில், பக்கத்தில் ஓர் ஆள் கயிறு இழுக்க நெய்தவர்களுக்கு, தாளில் கட்டம் நிரப்பி அட்டையில் துளை போடுவது கைவேலையாகவே தெரிந்திருக்காது.

கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926-இல் படைப்புச் செயலை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: சேகரித்தல், மனத்தில் ஊறவிடுதல், பொறி தட்டுதல், சரிபார்த்தல். கற்பனை வற்றிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நிலையைப் பற்றியே பேசுவார்கள். உங்களுக்கு அறுந்துபோயிருப்பது நான்காவது. தொல்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்தத் தறிக்காரர்தான் அதை உங்களுக்காகச் செய்துகொண்டிருந்தவர். முட்டையாகிப்போன வட்டத்தை எப்படிச் சரிசெய்வது என்று எரிச்சலோடு யோசித்துக்கொண்டே வீடு திரும்பும் வழியில்தான் அடுத்த கரை மனத்தில் விழுந்திருக்க வேண்டும். பாவு நீட்டிய தெருவுக்கும் அதில் பங்கு உண்டு; ஆனால் நீங்கள் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

கணவர் சொன்னது வலிக்கக்கூடிய சொல்தான். இருந்தாலும், ஊரை விட்டது அவருக்காக என்று நீங்கள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. சொல்லாத ஒன்றை அவர் நினைக்கவில்லை என்று கோபித்துக்கொள்வது நியாயமாகாது.

கிராஃப் தாளுக்குத் திரும்புவதா, ஊருக்கே திரும்புவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். முதலில் அந்தப் படங்களை, யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு பொழுதில், வந்த வரிசையிலேயே திறந்து பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பிறகு அந்தத் தறிக்காரரைத் தொலைபேசியில் அழையுங்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருக்கும்மா" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார். எந்த இடத்தில் தறியை நிறுத்த வேண்டிவந்தது என்று கேளுங்கள். முடிந்தபோதெல்லாம் நேரிலும் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் காஞ்சிபுரம் சேர்ந்துவிடலாம். சேலை தறியில் இருக்கும்போதே போங்கள், இறங்கிய மறுநாள் அது கடைக்குப் போயிருக்கும்.