கருப்பு வில்லையும் மிதக்காத காந்தமும்

அன்புள்ள ஐயா,

மீக்கடத்தி (குளிர்ந்ததும் தடையின்றி மின்சாரம் கடத்தி, காந்தத்தை மிதக்கவைக்கும் பொருள்) செய்வதற்காக இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும், இட்ரியம், பேரியம், செம்பு அணுக்கள் 1-2-3 கணக்கில் வரும்படி அரைத்து 920 டிகிரியில் இருமுறை சுட்டேன். வில்லையாக அழுத்தி 940 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தேன். உலை வேறொருவருக்குத் தேவைப்பட்டதால் 700 டிகிரியிலேயே வெளியே எடுத்துவிட்டேன். எக்ஸ்-கதிர் வரைபடம் நான் செய்ய நினைத்த அந்த 123 சேர்மத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் திரவ நைட்ரஜனில் காந்தம் மிதக்கவில்லை. எடைபோட்டதில் தவறா?

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

எடையில் தவறில்லை, வில்லையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறைவது ஆக்சிஜன்தான். இச்சேர்மத்தில் செம்பு-ஆக்சிஜன் சங்கிலிகள் உண்டு. சூட்டில் அவற்றிலிருந்து ஆக்சிஜன் வெளியேறும், மெதுவாக ஆறினால்தான் திரும்பி வரும். நீங்கள் 700 டிகிரியில் எடுத்ததால் பாதிச் சங்கிலிகளுக்கு மேல் காலி. மூன்று செம்பு அணுக்களுக்கு உள்ள ஆக்சிஜன் எண்ணிக்கை 6.9ஐ ஒட்டி இருந்தால் 90 கெல்வினுக்குச் சற்று மேலேயே மீக்கடத்தியாகும், 6.4க்கு அருகில் என்றால் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

எக்ஸ்-கதிர் வரைபடத்தை மறுபடி பாருங்கள். கோண அச்சில் 32.5, 32.8 டிகிரி அருகே இரட்டைச் சிகரம் இருக்கும். இடப்பக்கச் சிகரம் உயரமாக இருந்தால் அது நாற்கோணப் படிக வடிவம், ஆக்சிஜன் குறைந்தது. வலப்பக்கம் உயர்ந்தால் செஞ்சாய்சதுர வடிவம், நமக்கு வேண்டியது. "ஒத்துப்போகிறது" என்று மென்பொருள் சொல்வதை நம்பி இந்த வித்தியாசத்தைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

சரிசெய்ய: உலர்ந்த ஆக்சிஜன் ஓட்டத்தில் 600 டிகிரிக்கு ஏற்றி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 450க்கு இறக்கி, அங்கே 24 மணி நேரம் நிறுத்துங்கள். பிறகும் ஆக்சிஜனிலேயே ஆறட்டும். 600க்கு மேல் ஆக்சிஜன் தங்காது. 350க்குக் கீழே அது உள்ளே நகரவே நாளாகும். வில்லை தடிமனாகவோ மிக அடர்த்தியாகவோ இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரம் மட்டும் மாறி நடுப்பகுதி அப்படியே கிடக்கும்.

ஆக்சிஜன் ஏறியதா என்று அறியத் தராசு போதும். 6.4லிருந்து 6.9க்குப் போனால் எடை சுமார் 1.2 சதவீதம் கூடும். 3 கிராம் வில்லையில் 36 மில்லிகிராம். 15தான் கூடியிருக்கிறதா? மறுபடி வையுங்கள்.

உடைத்த பரப்பில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் கதை வேறு. அது 211 சேர்மம், அதாவது இட்ரியம், பேரியம், செம்பு 2-1-1 கணக்கில் சேர்ந்த வேறு பொருள்; ஆக்சிஜன் கொடுத்து அதைப் போக்க முடியாது, அரைத்துத் திரும்பச் சுட வேண்டும்.

நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் வில்லைமேல் படியும் ஈரம் பேரியத்தைத் தாக்கி, நாளடைவில் வெள்ளைக் கார்பனேட் படலமாக்கிவிடும். உலர்ந்த வாயுவில் சூடேற விட்டு, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலனில்) வையுங்கள்.