பனியுகத்தில் நம் ஊர்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பனியுகம் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம ஊரும் பனிக்குள்ளதான் இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மேமத் யானைகள் இங்கேயும் இருந்தனவா, மனிதர்கள் இருந்தார்களா என்றும் கேட்கிறாள். என் பங்குக்கு ஒரு கேள்வி: அப்போது கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது என்கிறார்களே, அப்படியானால் குமரிக்கண்டம் உண்மைதானே?

எஸ்.,
உடன்குடி

அன்புள்ள எஸ்.,

நம் ஊரைப் பனி மூடவில்லை. ஆனால் பனியுகம் இங்கேயும் வந்தது, வறட்சியாக வந்தது. மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பனியுகம் என்று நாம் சொல்வது புவியியலில் பிளைஸ்டோசீன் எனப்படும் காலம். சுமார் 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அவ்வளவு காலமும் ஒரே குளிர் என்று நினைத்துவிட வேண்டாம். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறிக்கொண்டே இருப்பதால் குளிரும் வெதுவெதுப்பும் மாறி மாறி வந்தன. கடைசிக் குளிர் உச்சத்தில் இருந்தது சுமார் 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை. கனடாவின் பெரும்பகுதியும் ஸ்காண்டிநேவியாவும் அப்போது பனிக்கடியில் கிடந்தன, சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் கனத்துக்கு. மேமத் யானைகள் சைபீரியா, ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கத்துப் புல்வெளிகளில் மேய்ந்தவை. இந்தியாவில் பனிப்பாறை இமயமலையோடு நின்றுவிட்டது.

அந்தப் பனிக்கான தண்ணீரெல்லாம் கடலிலிருந்து போனதுதான். கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். உங்கள் பக்கத்து மணப்பாட்டில் அன்று அலையே இல்லை. கடல் வெகுதூரம் கிழக்கே விலகியிருந்தது.

நிலம் கூடியது, மழை குறைந்தது. ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்துபோனதால் கோடையில் நிலத்துக்கும் கடலுக்கும் இடையே இருக்க வேண்டிய வெப்ப வித்தியாசம் சுருங்கியது. தென்மேற்குப் பருவமழையை இழுத்து வருவதே அந்த வித்தியாசம்தான். கடலும் குளிர்ந்திருந்ததால் ஆவியாகும் நீரும் குறைவு.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மகள் நிச்சயம் கேட்பாள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்றொரு இடம். அங்கே பள்ளத்தில் செடிகொடிகள் முழுதாக மட்காமல், அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்ந்த கருமண் இருக்கிறது, பீட் என்பார்கள். அடியில் போகப்போகப் பழைய காலம். யானை ஆய்வாளராக நாம் அறிந்த ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் அந்த மண்ணை ஆராய்ந்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மரங்களும் ஈரத்தை விரும்பும் செடிகளும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு, வறட்சி தாங்கும் புற்கள் எடுக்கும் விதம் வேறு. சற்றுக் கனமான கார்பன்-13 அந்தப் புற்களில் கூடுதலாகத் தங்கும். செடி செத்து மண்ணானாலும் அந்த விகிதம் அப்படியே இருக்கும். பீட்டின் ஒவ்வோர் அடுக்கிலும் அதை அளந்தார்கள். குளிர் உச்சத்தை ஒட்டிய அடுக்குகளில் வறட்சி தாங்கும் புல்தான் ஓங்கியிருந்தது. மேலே வர வர ஈரம் கூடுகிறது, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மழை நன்றாக வலுத்திருக்கிறது. ஒரு கைப்பிடிக் கருமண்ணிலிருந்து பருவமழையின் கதையை எடுத்துவிட்டார்கள். இந்த வேலையின் மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீலகிரியின் புல்வெளிகள் மனிதன் சோலைக்காட்டை வெட்டியதாலும் எரித்ததாலும் உண்டானவை என்று ஒரு பேச்சு நெடுநாள் இருந்தது. மனிதன் அங்கே வந்து விவசாயம் செய்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்தது என்கிறது இந்த மண். அந்தப் புல்வெளியைத்தான் வீண்நிலம் என்று எண்ணிச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டு நிரப்பினோம். வரையாடு மேய்ந்த நிலம் அது. பனியுகம் நம் மலையில் விட்டுச்சென்ற புல்லை நம் கையாலேயே மூடிவிட்டோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

விலங்குகள் விஷயத்துக்கு வருகிறேன். மேமத் இல்லை என்றதும் மகள் முகம் வாடினால், இந்தியாவில் நெருப்புக்கோழி ஓடித் திரிந்தது என்று சொல்லுங்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் எங்கும் அதன் முட்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் பட்னே என்ற இடத்தில் ஓட்டின் மீது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறியிருக்கிறார்கள், ஓட்டைச் சிறுசிறு மணிகளாகவும் செய்திருக்கிறார்கள். ஹைதராபாத் ஆய்வாளர்கள் இந்திய ஓடுகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அது ஆப்பிரிக்க நெருப்புக்கோழியின் இனமேதான் என்று 2017இல் உறுதிசெய்தார்கள். நர்மதையில் நீர்யானைகள் இருந்தன. இலங்கையில் இரத்தினபுரியில் மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டும் குழிகளில், கல் கிடைக்கும் அதே சரளைப் படிவில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் வந்தன. இன்று அந்தத் தீவில் இவற்றில் ஒன்றும் இல்லை.

மனிதர்கள்? இருந்தார்கள், நாம் நினைப்பதற்கெல்லாம் முன்பிருந்தே. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொற்றலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம் என்ற கற்கால இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தோண்டி எடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியானது. குவார்ட்சைட் கல்லை இரண்டு பக்கமும் தட்டி, கைக்கு அடங்கும் கூர்முனையாக்கிய கருவிகள். செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. காலத்தைப் பார்த்தால் அவர்கள் நம் இனமாக இருக்க முடியாது, நமக்கு வெகுகாலம் முந்திய மனித இனம். நம் இனத்தாரை இலங்கையின் பாகியன் குகையில் பார்க்கலாம். சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மழைக்காட்டுக்குள் குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடி வாழ்ந்திருக்கிறார்கள். மரத்தின் உச்சியில் தாவும் குரங்கை வீழ்த்த எவ்வளவு நுட்பம் வேண்டும்! எலும்பில் செய்த அம்புமுனைகள் அங்கே கிடைத்திருக்கின்றன.

சரி, குமரிக்கண்டம். பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வது எனக்கும் நெருக்கமானதுதான். கடல் 120 மீட்டர் தாழ்ந்தபோது கன்னியாகுமரிக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் வெளியே தெரிந்திருக்கும், அதைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது, இதெல்லாம் உண்மை. ஆனால் கரையை ஒட்டிய அந்த ஆழமற்ற பகுதி முடிந்ததும் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. 120 மீட்டர் இறக்கத்தில் அங்கே கண்டம் எழ வழியே இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் கொடுத்தார். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் எப்படி என்பதை விளக்க அவருக்கு ஒரு கண்டம் தேவைப்பட்டது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. கடல் ஏறியதும் ஒரே இரவில் நடந்ததல்ல. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஏற்றம், சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒரு மீட்டர்போல. நடுவில் சில நூற்றாண்டுகள் அதைவிடப் பலமடங்கு வேகம். கரையோரம் வாழ்ந்தவர்கள் நிலத்தை இழந்த நினைவு பழம்பாட்டில் தங்கியிருக்கலாம் என்றால் நான் மறுக்க மாட்டேன். கண்டம் என்றால் மறுப்பேன்.

அப்புறம், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தேரி என்னும் செம்மணல் மேடு இருக்கிறது. கடல் பின்வாங்கியிருந்தபோது வெளிப்பட்ட மணலைக் காற்று அள்ளிக் கொண்டுவந்ததும் அந்தச் செம்மணலில் சேர்ந்திருக்கிறது என்பது புவியியலாளர் கருத்து. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன; தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்சினும் 1956இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். நகத்தளவு, விரலளவுக் கல்துண்டுகள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி எதுவும் கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம், கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறிய கல்லிலிருந்து வயதைச் சொல்ல முடியாது. கையால் தொடும் தூரத்தில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். ஃபூட் சேகரித்த கருவிகள் அங்கேதான் இருக்கின்றன.