1991 மியாட்டாவில் ‘டிக் டிக்’ சத்தம்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: டொரொண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். கோடையில் ஓட்டலாமே என்று 1991 மாடல் மாஸ்டா மியாட்டா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 1.6 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல் பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடுவது போல ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் குறைந்துவிட்டது. “இந்தக் காருக்கு இது சகஜம்” என்கிறார் விற்பவர். தனியார்தான், டீலர் இல்லை. அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: சகஜம் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காதில் விழுந்தது அந்தச் சகஜமான சத்தம்தானா என்பது அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்களே பார்த்துவிடலாம்.

இந்த எஞ்சினில் 16 வால்வு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஹைட்ராலிக் டேப்பெட் உண்டு. ஆயில் பிரஷரில் உப்பி, கேம்ஷாஃப்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வால்வுக்கும் நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வண்டி பல நாள் நின்றால் உள்ளே இருக்கும் ஆயில் வடிந்துவிடும். மாற்றாத பழைய ஆயில், குறைந்த ஆயில் மட்டம் இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். முதல் தலைமுறை மியாட்டா வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். 1999 மாடலில் மாஸ்டா ஹைட்ராலிக்கைக் கைவிட்டு சாதா டேப்பெட்டுக்கே திரும்பிவிட்டது.

இதில் ஒரு சௌகரியம். “டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணினால் போச்சு” என்று விற்பவரோ அவருடைய மெக்கானிக்கோ சொன்னால், இந்த எஞ்சின் அவர்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். 1.6-இல் அட்ஜஸ்ட் செய்ய எதுவுமே இல்லை. சுத்தம் செய்யலாம், இல்லையென்றால் மாற்றலாம். இரண்டுக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும்.

அடுத்த முறை காலையில் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட விட்டிருக்கிறார், அங்கேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மட்டத்தைப் பார்த்துவிட்டு, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, சுமார் 850 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 850 சுற்று) இருக்கும். கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுவதால், தளர்ந்த டேப்பெட் ஒன்று நொடிக்கு ஏழு தடவை தட்டும். சத்தம் மெல்லியதாக, கூர்மையாக, வால்வு கவர் பக்கமிருந்து வரும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கவரில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சுற்றும் பெல்ட்டிலிருந்து சட்டை, தலைமுடி எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும் அடைப்பு) லீக்கும் இதே மாதிரி டிக் அடிக்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் அதுவும் அடங்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘புஸ் புஸ்’ என்று கூடும், லீக் இருக்கும் இடத்தில் கரி படிந்திருக்கும். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் எஞ்சினை விட்டுவிட்டுக் கிளட்ச் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு சத்தத்துக்கு. எஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டு, சூடேற ஏறக் கூடினால் அது பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்டையும் (எஞ்சினின் அடியில் சுற்றும் முக்கியத் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்த சத்தம். 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றி ஆக்சிலேட்டரை விடும்போது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டராக (சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சுவது) கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் சத்தம் சட்டென்று குறையும். அப்படிக் குறைந்தால் விலை பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள்.

இந்த வருட மாடலில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது: டேஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமாகவே பிரஷரைக் காட்டும். 1995-லிருந்து வந்த கார்களில் பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஒரு சுவிட்ச்தான், முள் நடுவில் நின்றுகொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஐடிலில் முள் அடிமட்டத்தில் கிடந்து, டிக் சத்தமும் கூடவே இருந்தால், ‘சகஜம்’ என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம், இதற்குச் சத்தம் இருக்காது, ஆனால் கட்டாயம் பாருங்கள். ஆரம்பகால 1.6-களில் கிராங்க்ஷாஃப்டின் முன்மூக்கு குட்டையானது. அங்கே புல்லியை நழுவாமல் பிடிக்கும் ‘கீ’ என்ற சிறு இரும்புத் துண்டும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்துபோவது பேர்போன கோளாறு. 1991-இன் நடுவில்தான் நீளமான மூக்குக்கு மாற்றினார்கள், அதனால் உங்கள் கார் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அந்த மூக்கில் மாட்டியிருக்கும் கிராங்க் புல்லியின் நடுப்பகுதியில் நான்கு வெட்டுகள் என்றால் குட்டை, எட்டு என்றால் நீளம். எஞ்சின் ஓடும்போது முன்னாலிருந்து புல்லியைப் பாருங்கள். தள்ளாடினால் வேண்டாம்.

கேள்வி: சேஃப்டி சர்டிஃபிகேட்டோடு தருகிறேன் என்கிறார். அது போதாதா?

பதில்: போதாது. ஒன்டாரியோ சேஃப்டி பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு மாதிரி விஷயங்களைப் பார்ப்பது. எஞ்சின் தட்டுகிறதா என்பது அதன் கவலை இல்லை. அது உத்தரவாதமும் இல்லை, 36 நாள் தான் செல்லும். டீலரிடம் வாங்குபவர்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பும், தனியாரிடம் வாங்கும்போது உங்களுக்குக் கிடைக்காது. அதனால் உங்கள் செலவில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் கராஜில் காட்டுங்கள். மாட்டேன் என்றால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பயன்படுத்திய வாகனத் தகவல் தொகுப்பை அவர்தான் தர வேண்டும். அதில் காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து முந்தைய உரிமையாளர்கள் பட்டியல்.

லிஃப்ட்டில் ஏற்றும்போது கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்டாரியோவின் பனிக்கால உப்பு அங்கேதான் உள்ளிருந்து அரிக்கும். என்னைக் கேட்டால், டேப்பெட் தட்டும் துருப்பிடிக்காத மியாட்டாவை வாங்குவேன், சத்தமே இல்லாத துருப்பிடித்ததைத் தொடமாட்டேன்.

கேள்வி: வாங்கிய பிறகு எஞ்சின் ஃப்ளஷ் (உள்ளே படிந்த கசடைக் கரைக்கும் திரவம்) ஏதாவது ஊற்றிச் சரி செய்துவிடலாமா?

பதில்: 30 வருடத்துக்கு மேலான எஞ்சினில் நான் ஊற்றமாட்டேன். கரைந்த கசடு எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில், புது ஃபில்டர், நன்றாகச் சூடேறும் அளவுக்கு நீண்ட ஓட்டம், சீக்கிரமே இன்னொரு ஆயில் மாற்றம். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் 16 டேப்பெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கான எஸ்டிமேட்டைக் கார் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவைத்து விற்பவரிடம் காட்டுங்கள், விலை இறங்கும். டைமிங் பெல்ட் (கேம்ஷாஃப்டைச் சுழற்றும் பெல்ட்) மாற்றிய ரசீதையும் கேளுங்கள். சுமார் 96,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இந்த 1.6-இல் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது, ஆனால் நடுரோட்டில் நிற்க வேண்டிவரும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து அதையும் விலையில் கழியுங்கள்.