பழைய கணினியில் லினக்ஸ்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: 2013இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி இன்னும் கையில் இருக்கிறது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7 திறந்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. தங்கை கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த லினக்ஸ் போட்டால் வேகமாக ஓடும்?
– வாசகர், தேனி

பதில்: லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம், அதில் பல வகை உண்டு. எந்த லினக்ஸ் என்பதைக் கடைசியில் பார்ப்போம். இந்த வயதுள்ள கணினியை முடக்கிப்போடுவது பெரும்பாலும் ப்ராசஸர் அல்ல, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான். தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் அதனால் தேடி எடுக்க முடியும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது. ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுக்கும். எனவே முதல் செலவு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி. கடையில் "2.5 இன்ச் சாட்டா" என்று சொல்லிக் கேளுங்கள். எம்.2 வகையை வாங்கிவிட்டால் மாட்ட இடம் இருக்காது. பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன், புதியது 7 மி.மீ.; தகரச் சட்டத்தில் திருகினால் ஆடாது, சட்டம் இல்லையென்றால் எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் விளிம்பை ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது செலவு, 4 ஜிபி ராம் ஒன்று. வாங்கும் முன் இருப்பதைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3 என்று இருந்தால் அது 1.5 வோல்ட் டிடிஆர்3. பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட். 1.35 மட்டுமே ஏற்கும் போர்டில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். கணினியே போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். குழப்பமாக இருந்தால் பிசி3எல் வாங்குங்கள், அது பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். பிசி2 என்று இருந்தால் அது டிடிஆர்2, இவை இரண்டுமே அதில் நுழையாது. திருகைத் தொடும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

இவ்வளவும் ஆனபின் லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. அந்த மடிக்கணினியில் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்திருந்தால் அந்தப் பழைய பதிப்பைத் தொடர வேண்டாம். அதற்குப் புதுப்பிப்புகள் எப்போதோ நின்றுவிட்டன. மின்டை 8 ஜிபி பென் டிரைவில் எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, நிறுவாமலே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, ஸ்பீக்கரும் கேமராவும் வேலை செய்கின்றனவா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? இவற்றைத்தான் அப்போது சோதிக்க வேண்டும். வேகத்தை அப்போது எடைபோடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எதுவும் மெதுவாகத்தான் இருக்கும். கழற்றிய பழைய டிஸ்கை அழிக்காமல் ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு வையுங்கள். பழைய புகைப்படங்கள் அதிலேயே பத்திரமாக இருக்கும்.

கேள்வி: மின்ட் போட்டுவிட்டேன். என் கணினியில் ராமைக் கூட்ட வழியில்லை, 2 ஜிபிதான். ஃபயர்ஃபாக்ஸில் நான்காவது டேப் திறந்ததும் மவுஸ்கூட நகர்வதில்லை, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, விருதுநகர்

பதில்: அந்த விளக்குதான் நோயைச் சொல்கிறது. ராம் நிரம்பியதும் கணினி அதிலிருப்பதை டிஸ்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய இடத்துக்கு இறக்குகிறது. அடுத்த நொடியே அது தேவைப்பட, மறுபடி ஏற்றுகிறது. ஏற்றி இறக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது.

இதற்கு மருந்து இசட்-ரேம். டிஸ்குக்கு அனுப்ப வேண்டியதை ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் வசதி இது. உலாவியின் தரவு பெரும்பாலும் பாதிக்குப் பாதி, சில நேரம் மூன்றில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக்கில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். பிறகு இடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற கோப்புறையில் இருக்கும் இசட்ரேம்ஸ்வாப் கோப்பை நிர்வாகி உரிமையோடு திறந்து, பெர்சென்ட் என்று தொடங்கும் வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு 50 என்பதை 75 ஆக்குங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். குறியை எடுக்காமல் விட்டால் வெறும் 256 எம்பிதான் ஒதுக்கும், பிறகு "இசட்-ரேம் போட்டும் பயனில்லை" என்பார்கள். சுருக்கும் முறையைச் சொல்லும் ஆல்கோ வரியிலும் அதேபோல் குறியை நீக்கி, எல்இசட்4 என்பதை இசட்எஸ்டிடி என்று மாற்றினால் இன்னும் நன்றாகச் சுருங்கும், ப்ராசஸர் சற்றுக் கூடுதலாக உழைக்கும். கணினியை மறுபடி தொடக்குங்கள்.

ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பை 10ஆகக் குறையுங்கள் என்ற அறிவுரை உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அது ஸ்வாப் ஹார்டு டிஸ்கில் இருப்பவர்களுக்குச் சொன்னது. இசட்-ரேம் வைத்தபின் இயல்பான 60ஐ 100க்கு உயர்த்துவதே சரி. உலாவியில் விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினைப் போடுங்கள். விளம்பரங்கள் தின்னும் ராம் கொஞ்சநஞ்சமல்ல. ஃபயர்ஃபாக்ஸ் 140 முதல், பார்க்காத டேப்பின்மேல் ரைட் கிளிக் செய்து அதை ராமிலிருந்து இறக்கிவிடும் வசதியும் உண்டு.

கேள்வி: நிறுவியபின் வைஃபை அடையாளமே காணோம். விண்டோஸில் நன்றாக வேலை செய்தது.
– வாசகர், ஈரோடு

பதில்: பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் தானாக நிறுவப்படுவதில்லை. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் கைப்பேசி போதும். யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் அதைக் கம்பிவழி இணையமாக எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவர் பட்டியலில் நிற்கும், தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். பழைய கணினியில் சில நிமிடம் பிடிக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுவியும் வரவில்லையென்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) செக்யூர் பூட் இயங்குகிறதா பாருங்கள். கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது.

பின்னாளில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்ததும் வைஃபை காணாமல் போனால், கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப்பை அழுத்தி க்ரப் எனும் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, கூடுதல் தேர்வுகளில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். புதிய கெர்னலுக்கு அந்த டிரைவர் உருவாகாததே காரணம்.

கேள்வி: எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்கிறது. புதுப்பிப்பும் நடக்கவில்லை. வைரஸா?
– வாசகர், மதுரை

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். 2009, 2012 என்று காட்டினால் கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் தொடங்காத தேதியில் இருப்பதாக உலாவி நினைக்கிறது. சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. புதியது மீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7க்குக் கீழே இறங்கியதைத் தூக்கிப்போடுங்கள். மடிக்கணினியில் அதே பேட்டரி இரண்டு கம்பியும் சின்ன பிளக்குமாக உறைக்குள் இருக்கும்.

கேள்வி: யூடியூப் பார்த்தால் மின்விசிறி இரைகிறது, படம் விட்டுவிட்டு வருகிறது.
– வாசகி, கோவை

பதில்: ஓடும் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" எடுங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 2011 வாக்கில் வந்த இன்டெல் சிப்புகளுக்கு எச்.264 வீடியோவை விரிக்கத் தனிச் சுற்று உண்டு, இந்த இரண்டுக்கும் கிடையாது. எல்லாம் ப்ராசஸர் தலையில் விழுகிறது. எச்264ஐஃபை என்ற நீட்சியை ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்தால் கோடெக் வரி ஏவிசி1 என்று மாறும், சுமை குறையும். கோர் 2 டுவோ காலத்துக் கணினி என்றால் 480பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டம் என்270 நெட்புக், 1 ஜிபி ராம். எதுவும் ஓடுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த ப்ராசஸர் பழைய 32 பிட் வகை மட்டுமே. டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினியில் நிறுவுவதற்கான கோப்பு இல்லை. டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸை எடுங்கள். தட்டச்சுக்கும் பாட்டுக்கும் உதவும். குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஆன்லைன் வகுப்புக்கு இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பத்து வருட வேர்டு கோப்புகள் லிப்ரே ஆஃபிஸில் ஆங்கில எழுத்தாகத் திறக்கின்றன. தமிழ் அழிந்துவிட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒன்றும் அழியவில்லை. "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று தெரிகிறதா? அப்படியானால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே, அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துருதான். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்து, மின்டில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவி, லிப்ரே ஆஃபிஸை மூடித் திறவுங்கள். வானவில் போன்ற மற்ற பழைய எழுத்துருக்களுக்கும் இதே வழிதான்.

புதிதாக அடிப்பதை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடிலேயே அடியுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் குறியிட்ட விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும்.