ஓய்வுக்கால வருமானத்துக்குக் குழாய்வழிப் பங்குகள்: ஈவு விகிதத்துக்கு முன் பணவரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கும் நான் விரைவில் ஓய்வுபெறுகிறேன். மாதச் செலவுக்கு உதவும்படி கனேடியக் குழாய்வழி நிறுவனங்களிலும் மின்சார, எரிவாயு விநியோக நிறுவனங்களிலும் முதலிட எண்ணியுள்ளேன். ஈவு விகிதம் கூடியதை வாங்கலாமா?

பதில்: அந்த விகிதத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஈவுத்தொகையைப் பங்கின் விலையால் வகுத்தே அது கணக்கிடப்படுவதால், ஆபத்தை உணர்ந்து சந்தை விலையைச் சரித்திருந்தாலும் விகிதம் உயர்ந்தே தெரியும். வட்டி ஏறிய காலத்தில் கடன் சுமையில் சிக்கிய ஒன்ராறியோவின் அல்கொன்குவின் என்னும் மின்சார, எரிவாயு விநியோக நிறுவனம், 2023 ஜனவரியில் ஈவுத்தொகையை 40 சதவீதம் குறைத்து, 2024 ஆகஸ்ட்டில் மேலும் 40 சதவீதம் குறைத்தது. 100 டொலர் பெற்றுவந்தவருக்கு 36 டொலரே மிஞ்சியது. ஓய்வூதியர் ஒருவருக்கு அது சிறிய அடி அல்ல.

குழாய்வழி நிறுவனத்தில் நிகர இலாபத்தை வைத்து ஈவுத்தொகையின் பாதுகாப்பை அளக்க முடியாது. 2024இல் என்பிரிட்ஜ் பங்கொன்றுக்கு 3.66 டொலர் ஈவு வழங்கியது. நிகர இலாபமோ 2.34 டொலர்தான். வருவதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதுபோல் தோன்றினாலும், இலாபத்திலிருந்து கழிக்கப்படும் தேய்மானம் (குழாய்கள் போன்ற சொத்துகளின் ஆண்டு மதிப்புக் குறைவு) அவ்வாண்டில் கையைவிட்டுப் போகும் பணமன்று. பராமரிப்பு, வட்டி, வரி போக எஞ்சிய, பங்கீட்டுக்குரிய பணவரத்து 5.50 டொலருக்கும் மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஈவாகச் சென்றது. 60 முதல் 70 சதவீதம் என்பதே அந்நிறுவனம் தனக்கு வகுத்துள்ள வரம்பு. காலாண்டு அறிக்கையில் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான். அடுத்து, கட்டுமானத்தில் உள்ள திட்டங்களைப் பாருங்கள்: டிசி எனர்ஜியின் கோஸ்டல் காஸ்லிங்க் குழாய்வழிக்கு 6.2 பில்லியன் டொலர் என்று போட்ட மதிப்பீடு 14.5 பில்லியனுக்கு ஏறியது.

ஃபோர்ட்டிஸ் போன்ற விநியோக நிறுவனங்களின் கட்டணத்தையும் இலாப வரம்பையும் ஒழுங்குமுறை அமைப்புகள் தீர்மானிக்கின்றன. இவற்றின் ஈவு விகிதம் குறைவுதான், ஆனால் ஃபோர்ட்டிஸ் 50 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் ஈவுத்தொகையை உயர்த்தி வந்துள்ளது. விலைவாசியோடு நீண்ட காலம் ஈடுகொடுக்க வேண்டிய உங்கள் பணத்தில் பெரும்பகுதி இத்தகைய நிறுவனங்களில் இருப்பதையே நான் விரும்புவேன்.

எந்தக் கணக்கில் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். சாதாரண முதலீட்டுக் கணக்கில் பெறும், வரிச்சலுகைக்குத் தகுதியுள்ள ஈவுத்தொகை, வரிப் படிவத்தில் 38 சதவீதம் கூட்டிக் காட்டப்படும். 10,000 டொலர் 13,800 ஆகிவிடும். வரிச்சலுகை கிடைத்தாலும், உயர்த்தப்பட்ட அத்தொகையை வைத்தே குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான ஜிஐஎஸ் உதவித்தொகை கணக்கிடப்படுவதால் அது குறையலாம். டிஎஃப்எஸ்ஏ எனப்படும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் பெறும் ஈவு இக்கணக்கில் சேராது; ஆகவே அதை முதலில் நிரப்புங்கள்.

என்பிரிட்ஜ், ஃபோர்ட்டிஸ் இரண்டும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில்தான் ஈவு வழங்குகின்றன. மாதந்தோறும் பணம் வர வேண்டும் என்பதற்காக மட்டும் வேறு பங்குகளைத் தேடாமல், மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.