டீக்கடைச் சண்டைக்கு ஒரு பெயர்

கேள்வி: நவீன காலத்தின் மாபெரும் மனிதர் யார்? எங்கள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு வாரமாக இதே சண்டை. ஒருவர் காந்தி என்கிறார், ஒருவர் ஐன்ஸ்டைன், டிகாஷன் ஊற்றுகிற பையன் ஸ்டீவ் ஜாப்ஸ். மழுப்பாமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
– கோத்தகிரி வாசகர்

பதில்: லூயி பாஸ்டியர், பிரெஞ்சு விஞ்ஞானி.

குன்னூர்க்காரன் வேறு யாரைச் சொல்வான் என்று சிரிக்காதீர்கள். சிம்ஸ் பார்க் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டைத் தாண்டித்தான் போகிறோம், ஆனால் அது ஒரு ஆளின் பெயர் என்பதே எனக்குப் பத்து வயதில்தான் தெரியும். வெலிங்டன் கடைத்தெருவில் ஒரு நாய் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, அந்த இன்ஸ்டிடியூட்டில் செய்தது. அம்மா தினமும் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் ஒரு கோடு போட்டு அரிசி டப்பாவுக்குள் வைப்பார். எட்டாவது கோட்டுக்கு மேல் வயிற்றில் குத்த இடமே இல்லாத மாதிரி இருந்தது. ஆனாலும் பிழைத்தேன், இதோ உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெறிநாய்க்கடி முற்றிவிட்டால் சாவு கிட்டத்தட்ட நிச்சயம், அன்றும் இன்றும். 1885 ஜூலை 6-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு, உலர வைத்த முயல் தண்டுவடத்திலிருந்து செய்த மருந்தைப் போட வைத்தார் பாஸ்டியர். போட வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் டாக்டரே இல்லை, கெமிஸ்ட்ரிக்காரர், ஊசி பிடித்தவர் வேறு ஒருவர். பையன் பிழைத்தான். நம் ஊர் நிலையம் 1907-ல் வந்தது. அதற்கு முன் இதற்கென்று நாட்டில் இருந்தது இமயமலைப் பக்கம் கசௌலியில். நாய் கடித்தவன் இங்கிருந்து அங்கே ரயில் ஏறிப் போய்ச் சேருவதை யோசித்துப் பாருங்கள்!

இதோடு நிற்கவில்லை. பால் பாக்கெட்டில் பாஸ்சுரைஸ்டு என்று போட்டிருக்கிறதே, அதுவும் இவர் பெயர்தான். முதலில் பாலுக்காகச் செய்யவில்லை, ஒயின் கெடாமல் இருக்க. நான் பெயரைத் தேர்ந்தெடுக்கிற கணக்கு இதுதான்: அவர் யாரென்றே தெரியாதவன் வீட்டுக்குள்ளும் காலையில் முதல் ஆளாக நுழைகிறாரா?

காந்தியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், குணத்தில் பெரியவர் யார் என்று கேட்டால் அவர்தான். 1934-ல் குன்னூருக்கே வந்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் அம்மை குத்துவது அவருக்கு ஆகவே ஆகாது, அதை எழுதியும் வைத்திருக்கிறார். ஐன்ஸ்டைன் பெரிய மூளை, சரி. ஸ்டீவ் ஜாப்ஸை அந்தப் பையனுக்கே விட்டுவிடுகிறேன்.

பாஸ்டியர் ஒன்றும் மகான் இல்லை. 1881-ல் ஊரைக் கூட்டி ஆடுகளுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) தடுப்பூசி போட்டுக் காட்டினார், போட்டவை பிழைத்தன, போடாத ஆடுகள் செத்தன, ஒரே கைதட்டல். காற்றில் வைத்துக் கிருமியை வலுவிழக்கச் செய்தது போலப் பேசினார். உண்மையில் அன்று போட்டது ரசாயனம் கலந்து செய்த வேறு சரக்கு. போட்டியாளர் ஒருவர் கையாண்ட முறையை ஒட்டிய முறை அது! அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பிற்காலத்தில் திறந்து பார்த்தபோதுதான் இது வெளியே வந்தது. எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் பெயரை மாற்றவில்லை.

கேள்வி: தடுப்பூசி என்றால் 1796-லேயே ஜென்னர் செய்துவிட்டாரே?
– அதே டீக்கடையிலிருந்து இன்னொருவர்

பதில்: செய்தார். ஆனால் அவருக்கு மாட்டம்மை இயற்கையாகவே கிடைத்தது, பெரியம்மை ஒன்றுக்குத்தான் உதவியது. எந்தக் கிருமியையும் ஆய்வகத்தில் அடக்கி மருந்தாக்கலாம் என்ற வழியைத் திறந்தவர் பாஸ்டியர்.

கேள்வி: இப்போதும் தொப்புளைச் சுற்றித்தான் ஊசியா?
– ஊட்டி வாசகி

பதில்: இல்லம்மா, அந்த மருந்து நின்று 20 வருஷம் தாண்டிவிட்டது. இப்போது கையில்தான், நாலைந்து தடவை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.