பிள்ளைகளின் ஒவ்வாமை ஆஸ்துமா: கேள்வி-பதில்

தூசி பட்டதும் மகனுக்கு வீசிங் வந்தது. இன்ஹேலர் கொடுத்ததும் சரியானது. இரவில் மறுபடி ஏன் வருகிறது?

இரண்டும் வேறு வேறு செல்களின் வேலை. மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் மேல் ஐஜிஇ (IgE) என்ற ஒவ்வாமை ஆன்டிபாடிகள் முன்கூட்டியே ஒட்டியிருக்கும். தூசிப்பூச்சியின் புரதம் வந்து அவற்றில் பட்டால், சில நிமிடங்களில் மாஸ்ட் செல் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற ரசாயனங்களைக் கொட்டும். குழாயைச் சுற்றிய தசை இறுகும். உடனடி நிவாரண இன்ஹேலரிலுள்ள சால்பூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். அதன் பலனும் 4 முதல் 6 மணி நேரம்தான். அதற்குள் டிஎச்2 வகை டி செல்களும் ஈசினோபில்களும் (இரண்டும் வெள்ளணு வகைகள்) அங்கே குவியத் தொடங்கிவிடும். சுவர் வீங்கும், சளி கூடும். சாயங்காலம் தூசி பட்டால் நள்ளிரவில் இளைப்பது இதனால்தான். இந்த இரண்டாம் கட்டத்தை அடக்குவது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். ஒவ்வாமைக்கான சிரப் போதாது. அது ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும், லூக்கோட்ரையீனைத் தொடாது.

ரத்தத்தில் ஈசினோபில் 10 சதவீதம். ஆஸ்துமாதானா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதலில் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்த வெள்ளணு 5,000 என்றால் 10 சதவீதம் 500. 12,000 என்றால் 1,200. மைக்ரோலிட்டருக்கு 500-க்கு மேல் போனால் அதிகம். ஆனால் குடற்புழு, எக்ஸிமா என்ற தோல் அழற்சி, ஒவ்வாமை மூக்கடைப்பு எல்லாமே இதைக் கூட்டும். வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தபின் எடுத்த ரத்தத்திலோ எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே சரிந்திருக்கும். அந்த 'நார்மல்' ரிப்போர்ட்டை நம்பவேண்டாம்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் டானிக் தரலாமா?

வேண்டாம். இங்கே சக்தி குறையவில்லை, தவறான இலக்கைத் தாக்குகிறது.

இப்போது இளைப்பே இல்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

இளைப்பு முதலில் போகும், அழற்சி பின்னால்தான் அடங்கும். சட்டென்று நிறுத்தினால் ஈசினோபில்கள் திரும்ப வந்து சேரும். அடுத்த சளிக்காய்ச்சலில் அது தெரியும். வழக்கமாக 3 மாதம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தபின் டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். மருந்து பலிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் கொடுக்கும் முறையைப் பாருங்கள்: ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வேண்டும், இன்ஹேலரைக் குலுக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரே அழுத்தம், சின்னப் பிள்ளைக்கு முகமூடி இடைவெளியின்றி பொருந்த வேண்டும். அழும்போது கொடுத்தால் மருந்து நுரையீரலுக்குப் போவது மிகக் குறைவு.

ஐஜிஇ ஊசி எப்போது?

ஓமலிசுமாப் என்ற இந்த ஊசி ரத்தத்தில் உலவும் ஐஜிஇ-யைப் பிடித்துக்கொள்ளும். மாஸ்ட் செல்லில் ஒட்ட விடாது. 6 வயதுக்கு மேல், ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் அடங்காத ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு மட்டும். எடையும் ஐஜிஇ அளவும் பார்த்து 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். பலன் உண்டா என்று முடிவுகட்ட 16 வாரமாவது பொறுக்க வேண்டும்.